நாற்பது கொடிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு ஐஸ் பெட்டியைத் தங்கப் பெட்டி என்று கொண்டாடிய கதையைச் சொல்கிறேன்.

“இவதான் மேடம், பெட்டியை ரொப்புறவ. கைநாட்டு. ஆனா வூட்டு நாய் மாதிரி, சொன்னதைச் செய்வா.”

பெரம்பலூரில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் கலையரசன், தன் ஆயா பூமாலையை அறிமுகப்படுத்திய அழகு இது.

சென்னையிலிருந்து வந்திருந்த சுகாதாரத் துறை அதிகாரி ஜானகி முகம் சுளித்தார். 2006-இல் நடந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கிற ஸ்டெம் செல் வைத்தியத்துக்கென்று சட்டம் ஏதும் அப்போது வரவில்லை. ஜானகி கையெழுத்துப் போட்டால் டாக்டர் ஊசியைத் தூக்கலாம்.

இரண்டு மாதமாக, பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைப் பெட்டியில் போட்டு மூடுவது பூமாலையின் வேலை. எதுக்கு சார் என்று கேட்டதற்கு, “காலேஜ் பசங்க அறுத்துப் பார்க்கிறதுக்கு. உனக்கென்ன அதுல?” என்று டாக்டர் அவள் வாயை அடைத்திருந்தார்.

“தள்ளி நில்லு. ஆட்டு நாத்தம் கொடலப் புடுங்குது.”

“தம்பி பட்டியில குட்டி போடுற காலமுங்க சார். குரும்பலூர்லேருந்து அப்படியே பஸ் ஏறிடுறேன்.”

“பார்த்தீங்களா மேடம்? இதுங்களை வச்சுக்கிட்டுத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

ஜானகி கோப்பைப் புரட்டினார். “பெத்த தாய்மார்கிட்ட சம்மதம் கேட்டீங்களா?”

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கழிவு மேடம் அது! அதுக்குப் போய் குழி தோண்டி, கல்லு வச்சு, நாய் தோண்டிட்டா புள்ளைக்கு ஆகாதுன்னு நடுங்குற சனம். அதுங்ககிட்ட என்னத்தக் கேக்க?”

பூமாலை தரையைப் பார்த்தாள். பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகும்போது, தாய் உண்ணாமலையானாலும் சரி, மர்ஜியாவானாலும் சரி, பூமாலையின் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அக்கா, கொடியப் பொதச்சிட்டீங்கல்ல?” பொதச்சிட்டேன் தாயி என்று சொல்லித்தான் அனுப்பிவைப்பாள்.

“சரி, ஆராய்ச்சி முடிவு என்ன?” என்றார் ஜானகி.

“நாப்பது கொடி. நாப்பதுலயும் சுத்தமான மனுஷ செல். ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்புல நானே பார்த்தேன்.”

பெட்டியைத் திறக்கிறார்கள் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிற மனிதர் சொன்ன வார்த்தை இது.

“கையெழுத்துப் போடுங்க மேடம். அரை மணியில முதல் ஊசி.”

“யாருக்கு?”

டாக்டர் கதவைக் காட்டினார். வராந்தாவில், சக்கர நாற்காலியில் லப்பைக்குடிக்காடு ஷஃபியுல்லா உட்கார்ந்திருந்தார். துபாயில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். மனைவி ஷரீபா அவர் கால்களை, இன்றைக்கு எழுந்து நடந்துவிடும் என்பதுபோல் நீவிக்கொண்டிருந்தாள்.

“நேரா முதுகுத்தண்டுல ஏத்துறோம். நடந்தா எனக்குப் பேரு. நடக்கலைன்னா அது அவரு நசீபு, தலையெழுத்து.”

பூமாலை தலையைத் தூக்கினாள். “சார், அந்தப் பெட்டியில இருக்கறதையா? மனுசருக்கா?”

“பின்னே, மாட்டுக்கா போடுவாங்க? போய் வேலையப் பாரு.”

ஜானகியின் பேனா தாளைத் தொட்டது. வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் வராந்தாவில் இருக்கிறவரின் உயிரே போகலாம். பூமாலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“போட்டுடாதீங்கம்மா. தாய்மாருங்க கொடிய அன்னன்னிக்கே பின்னால வேப்பமரத்தடியில பொதச்சிட்டேன். பெட்டியில இருக்கற நாப்பதும் எங்க தம்பி பட்டி ஆட்டோடது.”

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கொடி, நாய் தோண்டாத ஆழத்தில் குளிர்ந்து கிடக்கட்டும் கண்ணுகளா, குலம் தழைக்கட்டும்.