ஆவுளியாக் குட்டி

சவரியானும் அவன் மச்சினன் கிதியோனும் காலையில் வலையை இழுத்தபோது, ஆவுளியா என்னும் கடல்பசு ஒன்று சிக்கி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்திருந்தது. குட்டி அதன் துடுப்புக்கு அடியில் பால் தேடி முட்டிக்கொண்டிருந்தது.

“யாராவது பாத்தா ஜெயில்தான் மச்சான்,” என்றான் கிதியோன்.

வலையை அறுத்து, கல்லைக் கட்டித் தாயை ஆழத்தில் இறக்கினார்கள். கூடவே மூழ்கிய குட்டி சற்று நேரத்தில் தனியாக மேலே வந்தது. படகின் அடிப்பக்கத்தில் வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கியது. படகுத் துடுப்பால் தள்ளினாலும் விலகவில்லை. இஞ்சின் விசிறிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்தது.

“வர்றாய்ங்க மச்சான்! இஞ்சினப் போடு!”

சவரியான் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீருக்குள் குனிந்தான்.

“போயிரு தாயி,” என்று கெஞ்சினான். “போயிரு.”

பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.