நெட்டைப் பலகையும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

கரையான் மருந்தில் ஊறி, ஈரத்தோடு வந்திறங்கிய பலகைகள் புது மர வீட்டுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தன. பெயின்டர் லூர்து தினமும் வந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். எந்தப் பலகை அதை உறிஞ்சுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் போன பக்கம் புகை தெரிந்தது.

"குடிச்சவனெல்லாம் அடுப்புக்குத்தான் போறான்" என்று முடிவுகட்டிய நெட்டைப் பலகை, தன் மேல் விழுந்த சொட்டை முத்துப்போல அப்படியே ஏந்திக்கொண்டது.

"எனக்குத் தாகம் தாங்கலை அண்ணே" என்று பக்கத்துப் பலகை குடித்தது. அதுவும் போயிற்று.

கடைசியில் நெட்டை மட்டும் மிஞ்சியது. உள்வரைக்கும் காய்ந்துபோயிருந்தது. அன்று விழுந்த சொட்டை மடக்கென்று குடித்துவிட்டு, தொலைந்தோம் என்று நடுங்கியது.

"அப்பாடா, இதுவும் காஞ்சிருச்சு! இனிமே பெயின்ட் நல்லா பிடிக்கும்" என்றார் லூர்து.

நீலம் பூசிக் காய்ந்ததும், முன்சுவரில் வாசலுக்கு நேர் மேலே நெட்டையை வைத்து ஆணி அடித்தார்கள். பார்த்தால், போனவர்கள் அத்தனை பேரும் நீலமாய் அங்கே! புகை வந்ததோ வேலையாட்களின் டீ அடுப்பிலிருந்து.

"வா அண்ணே! உனக்குத்தான் இடம் விட்டு வச்சிருக்கோம்!"

ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. நெட்டையின் முகமெல்லாம் முத்து முத்தாகச் சொட்டுகள். ஒன்றைக்கூட அது குடிக்கவில்லை.