பதினேழாம் வாய்ப்பாடு

ஆகஸ்ட் மாதத்துக் கடைசிச் செவ்வாய். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மலையூர்களில் குளிர் விடைபெறாமல் இழுத்துக்கொண்டிருந்த காலை, பதினொரு மணி இடைவேளை. பிள்ளைகள் வெந்த சோளமும் அவரையும் இருந்த தட்டுகளோடு வெயிலைத் தேடிச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் அறையில் பள்ளி உளவியலாளர் மாஜோலா தம் முடிவைச் சொன்னார்.

"லுலாமாவுக்குப் புத்தி வளர்ச்சி போதாது. இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்துவராது. மலைக்கு அந்தப் பக்கம் சிறப்புப் பள்ளி இருக்கு, விடுதியோட. இந்த வாரம் ஒரு எடம் காலியாகுது."

கணக்கு டீச்சர் நோலிதா எழுந்தே விட்டார்.

பதினேழாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்லும் பெண் அவள். மாவட்டக் கணக்குப் போட்டியில் முதலாவதாக வந்தவள். சில மாதங்களாக வகுப்பில் தூங்குகிறாள், கோடையிலும் முழுக்கைச் சட்டையை விடுவதில்லை என்று உளவியலாளரை வரச் சொல்லிக் கேட்டதே நோலிதாதான். மாவட்டம் முழுமைக்கும் ஒரே உளவியலாளர். அவர் வந்து சேர ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. வந்தவர் செய்த வேலை இது.

லுலாமாவின் தாய் இறந்துவிட்டாள். அவளுக்குப் பாதுகாவலர் மாற்றாந்தந்தை துத்தானி, ஊர்க் காவல் நிலையத்தின் சார்ஜன்ட். அவர் நாற்காலி முனகும்படி சாய்ந்து சிரித்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன், அது கழுத்துக்கு மேல இருக்கறது பூசணிக்கான்னு. இந்த டீச்சரம்மாதான் என்ஜினியர் ஆக்கறேன்னு குதிச்சாங்க."

குதித்தது உண்மை. சென்ற ஆண்டு உம்டாடா நகரத்து விடுதிப் பள்ளி ஒன்றில் லுலாமாவுக்கு இலவச இடம் வாங்கிக் கொடுத்தார் நோலிதா. வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்று சார்ஜன்ட் மறுத்துவிட்டார். அடுத்த வாரம் அவள் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். நோலிதா கொடுத்த புகார் அவருடைய நிலையத்திலேயே காணாமற்போயிற்று.

மாஜோலா சார்ஜன்ட்டிடம் மிகுந்த பணிவோடு மேலும் சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளையை அடுப்புப் பக்கம் தனியாக விடக்கூடாது. இரவு பகல் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு அவருடையது.

"அப்புறம் அது எனக்கு எதுக்கு? சர்ச்சுல மூப்பர் தேர்தல் வருது. சார்ஜன்ட் வீட்டுல ஒரு மக்குன்னு ஊர் சிரிக்கும். கூட்டிட்டுப் போங்க," என்று சார்ஜன்ட் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே லுலாமா மாஜோலாவின் காரில் ஏறினாள். ஒரு பையும் அவளுமாக, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

நோலிதா காரை மறித்தார். "அரசாங்கக் கார்ல வந்தீங்க. அரை நாள்ல ஒரு பொண்ண மக்காக்கிட்டுப் போறீங்க. இதுக்கு எத்தனை வருஷம் படிச்சீங்க, மாஜோலா?"

மாஜோலா கதவைச் சாத்தினார். "புகார் குடுக்கணும்னா குடுங்க டீச்சர்."

நோலிதா கொடுத்தார். இந்தப் புகார் காணாமற்போகவில்லை. அக்டோபரில் விசாரணை என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

இடையில், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அவர் பேருந்து ஏறிச் சிறப்புப் பள்ளிக்குப் போனார். லுலாமா சின்னஞ்சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டை அணிந்திருந்தாள். இரு கைகளிலும் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த வடுக்கள் வரிசையாக இருந்தன. கன்னத்தில் மட்டும் சற்றுச் சதை பிடித்திருந்தது.

"எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான் பதில் சொன்னேன் டீச்சர்," என்றாள் தாழ்ந்த குரலில். "'இதையெல்லாம் தப்புன்னு எழுதிடவா, சார்ஜன்ட் கையெழுத்துப் போட வேற வழி தெரியலம்மா'ன்னு மாஜோலா கேட்டாங்க. அழுதாங்க. விடுதியில கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு மட்டும் கேட்டேன்."

அடுத்த மணியைக் கோத்தபடி அவளே சொன்னாள்: "இங்க நூறு வரைக்கும்தான் சொல்லித் தராங்க, டீச்சர்."

திங்கட்கிழமை நோலிதா புகாரைத் திரும்பப் பெறப் போனார். காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள். காரணம் சொன்னால் அது பாதுகாவலருக்கும் போகும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டார்.

விசாரணை நாளில் வெளியே மழை. பாதுகாவலர் என்ற முறையில் சார்ஜன்ட் முன்வரிசையில், சீருடையோடு. மாஜோலா தம் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி நோலிதாவைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பெண் கெட்டிக்காரி என்கிறீர்கள். அப்படியென்றால் வேறொருவரை வைத்து மறுபடி சோதித்துவிடலாம். நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்களா?"

மறுபடி சோதித்தால் லுலாமா எல்லாவற்றையும் சரியாகச் சொல்வாள். சரியாகச் சொன்னால் அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நோலிதா எழுந்து நின்றார். முப்பது ஆண்டுகளாக எந்தப் பிள்ளையையும் பார்த்து அவர் சொல்லாத சொல் அது.

"இல்ல சார். நான்தான் தப்பா நெனச்சுட்டேன். அவ மக்குதான்."

சார்ஜன்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். மாஜோலா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆதாரமற்ற புகார் என்று தீர்ப்பாயிற்று. விசாரணைச் செலவை நோலிதா டீச்சர் நவம்பர் மாதச் சம்பளத்தில் கட்டினார். சார்ஜன்ட் எதுவும் கட்டவில்லை. டிசம்பரில் சர்ச்சின் மூப்பரானார். மீதியை லுலாமா கட்டிக்கொண்டிருக்கிறாள், சார்ஜன்ட்டின் உரிமை தீரும் பதினெட்டு வயது வரை, நாள்தோறும், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணி.