சனிக்கிழமைப் பேய்

"ஐயோ... என்னைய விட்டுரு! விட்டுரு!"

ஷாமிளா வீட்டுக்குள்ளிருந்து வந்த அலறலைக் கேட்டுச் சுகந்தினி பயப்படவில்லை. டிவிதான் என்று தெரியும். கோபம்தான் வந்தது.

சுகந்தினி தேயிலைத் தோட்டத்துப் புள்ளமடுவத்து டீச்சர். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவள். இருப்பது மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். கீழ் லயத்துப் பக்கம் அதிகம் வரமாட்டாள். இன்றைக்கு வேலை மெனக்கெட்டு இறங்கி வந்திருந்தாள்.

ஒரு வாரமாக மடுவத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று பகலில் தூங்க மறுக்கிறது. கேட்டால், "கண்ண மூடுனா பேய் வரும் டீச்சர், அண்ணன் சொன்னிச்சு" என்கிறது.

அண்ணன் எங்கே பார்த்தான் பேயை? ஷாமிளா வீட்டில். சனிக்கிழமை காலை பத்து மணியானால் கீழ் லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் அங்கேதான். பேய்ப் படம், அதோடு தின்பண்டம்.

"அவளுக்குன்னு ஒரு புள்ள இருந்தா இப்படிச் செய்வாளா?" என்று பைப்படியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுகந்தினியும் ஆமாம் போட்டிருந்தாள்.

கதவைத் தட்டினாள். ஷாமிளா திறந்தாள்.

"அனே, டீச்சரக்கா! வாங்க வாங்க, உக்காருங்க."

உள்ளே ஒரே இருட்டு. ஜன்னலைக் கம்பளியால் மூடியிருந்தாள். பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் சேற்றுக்குள்ளிருந்து எழுந்த ராட்சசன் ஒருவன் ஆட்களைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அந்த ஆட்களோடு சேர்ந்து பிள்ளைகளும் கத்தினார்கள்.

நடுவில் பெரிய தாம்பாளம். உரித்த றம்புட்டானின் நடுவில் கறுப்பாக ஒரு உலர்ந்த திராட்சை, பார்க்க அசல் கண்முழி மாதிரியே. பக்கத்தில் நீளநீளமாகப் பொரித்த மரவள்ளிக்கிழங்கு. ஒவ்வொன்றின் நுனியிலும் வெங்காயத்தில் வெட்டிய நகம்.

"இது என்னது?"

"பேய்க்கண்ணும் பேய்விரலும் டீச்சர்" என்றது ஒரு பிள்ளை, ஒரு விரலைக் கடித்துக்கொண்டே.

சுகந்தினி ஷாமிளாவை முறைத்தாள். "ஏன் ஷாமிளா, நல்ல படம் எதுவும் உனக்குக் கெடைக்கலயா?"

"போட்டுப் பாத்தேங்கக்கா. யாரும் உக்கார மாட்டேங்குதுங்க. பேய்ப் படம்னாதான் அசையாம இருக்குதுங்க."

"சத்தத்தையாவது கொறையேன். ரோட்டு வரைக்கும் கேக்குது."

"பதினொரு மணி வரைக்கும்தாங்க. அப்புறம் நிப்பாட்டிருவேன்."

"இப்ப நிப்பாட்டு."

"இப்ப முடியாதுங்கக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அசையவில்லை. அதுதான் சுகந்தினியைச் சுட்டது. இத்தனை பிள்ளைகளுக்கும் முதல் எழுத்து சொல்லிக் கொடுத்தவள் அவள். ரெண்டே எட்டில் சுவர்ப் பக்கம் போனாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

டிவி அணைந்தது. பிள்ளைகள் வாயை மூடினார்கள்.

அலறல் மட்டும் நிற்கவில்லை.

"ஆஆ... அம்மா..."

சுவருக்கு அந்தப் பக்கம். ஆண் குரல். வாய்க்குள் துணியை வைத்து அமுக்கியது போல அது தேய்ந்து அடங்கியது.

ஷாமிளா பாய்ந்து வந்து பிளக்கைச் செருகினாள். பழைய டிவி, படம் வர நேரமெடுக்கும். சுகந்தினியின் கையைப் பிடித்து அடுப்படிக் குசினிக்குள் இழுத்தாள்.

"பக்கத்து வீட்டு முத்துவீரன் கங்காணிங்கக்கா" என்றாள் ரகசியமாக. "சீனி வருத்தம் முத்தி ரெத்தினபுரி ஆஸ்பத்திரியில கால்விரல எடுத்துட்டாங்கல்ல? புதனும் சனியும் பத்து மணிக்கு அவரு சம்சாரம், மாமிதான் புண்ணக் கழுவி மருந்து கட்டுவாங்க. உயிர் போற வலி. புதன்கிழமை பிரச்சினையில்ல, புள்ளைங்க இஸ்கூல்ல இருக்கும். சனிக்கிழமைதான்..."

"சனிக்கிழமை என்ன?"

"இதுக எல்லாம் அவரு வாசல்ல போய் நின்னுக்கிட்டு, அவரு கத்துற மாதிரியே கத்திக் காட்டிச் சிரிச்சுச்சுங்க. நூறு பேர வேல வாங்குன மனுசன். கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் மருந்து கட்டவே விடல. கால் அழுகுனா அழுகட்டும்னுட்டாரு. மாமி என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாங்க."

சுகந்தினி சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப டிவி சத்தத்துல கத்துறது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவரும் கூச்சப்படாம கட்ட விடுறாரு. புண்ணு காஞ்சிக்கிட்டு வருது."

"இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊரே ஒன்னையப் பேசுது."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருமேங்கக்கா."

இருவரும் வெளியே வந்தபோதும் டிவி கறுப்பாகவே இருந்தது. மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்" என்றான் ஒருவன், "அங்கிட்டு யாரோ..."

சுவருக்கு அப்பால் மறுபடியும் முனகல் தொடங்கியது. மெல்ல ஏறியது.

சுகந்தினி தலைமுடியை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டாள். தாம்பாளத்திலிருந்து ரெண்டு றம்புட்டானை எடுத்துக் கண்களில் வைத்துக்கொண்டு, லயமே அதிரும்படி ஒரு அலறல் போட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் குதித்தாள்.

பிள்ளைகள் வீறிட்டுக் கத்தினார்கள்.

"இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றாள் மடுவத்து டீச்சர். "மேல் லயத்துக்குக் கேக்க வேணாமா? இன்னும் சத்தமா கத்துங்க!"