சபையில் சிரிப்பு

பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய சட்டமன்ற ஆய்வுத் துறையின் முதல் முனைவர் பட்டம் எழிலரசிக்குக் கிடைத்தது. அவைக்குறிப்புகளில் ‘சிரிப்பு’ என்று வரும் இடங்களையெல்லாம் எண்ணி ஆராய்ந்திருந்தாள். பாராட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது. முப்பது வருடம் சபையில் சுருக்கெழுத்தராக இருந்து அந்தச் சொல்லை எழுதியவர் அவர்தான். அவருக்கு யாரும் ஒரு பொன்னாடைகூடப் போர்த்தியதில்லை.

எழிலரசி அவரைப் பார்த்துவிட்டு மேடைக்கு அழைத்தாள். “ஐயா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்.”

அவர் மைக்கைப் பிடித்தார். “நீங்க எண்ணின சிரிப்புல பாதிக்கு யாருமே சிரிக்கலம்மா. பேசினவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும், நானாத்தான் எழுதிட்டேன்.”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எழிலரசி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.