இடது பக்க முடிச்சு

“முதல்ல தலையில இருக்கறதைக் கழட்டுங்க!”

ஃபோர்மேன் போட்ட சத்தத்தில் அச்சகமே திரும்பிப் பார்த்தது.

எதிரே நின்றவர் ஆறடி. புது மெஷின் பூட்ட வெளிநாட்டிலிருந்து வந்து, மூன்று வருஷமாக இங்கேயே தங்கிவிட்ட மெக்கானிக். சொந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால், உயரத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் ‘ஆறடி’.

வந்த புதிதில் அவர் இந்த நாட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தபோது எல்லாருக்கும் ஒரே பெருமை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “நம்ம ஆளுங்களைவிட இவருக்குத்தான் எடுப்பா இருக்கு” என்று பைண்டிங் அக்கா சொன்னதில் நாலைந்து ஆண்களுக்கு வருத்தம்கூட.

ஆனால் ஒரு வாரமாக முடிச்சு இடது பக்கம் இருந்தது.

இங்கே முடிச்சு எப்போதும் வலது பக்கம்தான். பெற்றவர்களைப் பறிகொடுத்தவர்கள் மட்டும் நாற்பது நாளைக்கு இடது பக்கம் போடுவார்கள்.

“தெரியாம கட்டிட்டார்னு முதல் நாள் பக்குவமா சொன்னேன். நல்லாத் தலையாட்டினார். மறுநாளும் அதே இடது பக்கம்!” ஃபோர்மேன் எல்லாரையும் சாட்சிக்கு அழைத்தார். “சரி, நேத்து மத்தியானம் போன்ல யார்கிட்ட பேசினீங்க?”

“அம்மா.”

“கேட்டுக்கங்க! பெத்தவங்க குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, இவர் இடது பக்கம் முடிச்சுப் போட்டுக்கிட்டு வர்றார். சொன்னாலே நாக்கு கூசுது. இது எங்க கௌரவம் சார். உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

ஆறடி எப்போதும் வார்த்தை தேடித் தேடித்தான் பேசுவார்.

“விளையாட்டு இல்லை. அம்மா இறந்துட்டாங்க.”

“நேத்துதான் பேசினேன்னீங்க?”

“அது என் அம்மா. இது… கழுவுற அம்மா.”

“எந்தக் கழுவுற அம்மா?”

“நம்ம கழிப்பறை கழுவுற அம்மா.”

அந்த அம்மா மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை. நாலாம் நாளே ஃபோர்மேன் வேறு ஆள் போட்டுவிட்டார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

“விரல்ல தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வராண்டாவுல படுத்திருந்தாங்க. வேலை முடிஞ்சதும் தினம் போனேன். பத்து நாள். பதினோராவது நாள் போனா ஆள் இல்லை. பிணவறைக்குப் போகச் சொன்னாங்க.”

“சொந்தக்காரங்க யாராவது…?” பைண்டிங் அக்கா மெல்லக் கேட்டார்.

“யாரும் வரலை. உடம்பை வாங்கணும்னா என்ன உறவுன்னு எழுதணுமாம். பேப்பர் கொடுத்தாங்க. மகன்னு எழுதிட்டேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். ஆம்புலன்ஸ் டிரைவரும் நானும்தான் கொண்டுபோனோம்.” ஆறடி ஃபோர்மேனைப் பார்த்தார். “மகன்னு கையெழுத்துப் போட்டா, முடிச்சு மாத்திக் கட்டணும் இல்லையா சார்?”

ஃபோர்மேனின் சத்தம் இறங்கியது.

“ஆனா… உங்களைப் பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்?”

“எங்க அம்மாவைக் கேட்டுட்டுத்தான் கட்டினேன். ‘எனக்கு மூணு பிள்ளைங்க. அவங்களுக்கு நீ ஒருத்தன்தானே, கட்டுடா’ன்னாங்க.”

மெஷினருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். பைண்டிங் அக்கா பசைக் கையோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஒரு தாயை நினைத்து அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

ஃபோர்மேன் ஆறடியின் கையைப் பிடித்து, விறுவிறுவென்று பேப்பர் அடுக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். இன்னும் கோபம் தணியவில்லையோ என்று வெளியே எல்லாரும் பதறினார்கள்.

உள்ளே போனதும் ஃபோர்மேன் கையை விட்டார்.

“பதினெட்டு வருஷம் தம்பி. தினம் காலையில எனக்கு வணக்கம் சொன்னவங்க. எனக்குப் பெத்தவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. மிச்ச நாளைக்கு நானும் உங்களோட சேர்ந்து இடது பக்கம் போட்டுக்கறேன். கட்டி விடறீங்களா?”

ஆறடிக்குப் புரியவில்லை. “நீங்களே கட்டிக்கலாமே சார்?”

ஃபோர்மேன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு தன் தலைப்பாகையைத் தொப்பி மாதிரி அப்படியே கழற்றிக் காட்டினார். உள்ளே சுற்றிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது.

“கடையில வாங்கினது தம்பி. எனக்குக் கட்டத் தெரியாது.”