வாசனை வராத குடி

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மேல் குனிந்து, மச்சான் என் வாயை முகர்ந்து பார்த்தார்.

ஒரு வாசனையும் வரவில்லை. எப்படி வரும்? பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு நான் தொட்டதில்லை.

"வாசனை வராத சரக்காப் பாத்துக் குடிக்கிறாரு," என்றார் தங்கையிடம்.

அந்தத் தங்கைதான் என் மனைவி. கையில் பெட்டியோடு கதவருகே நின்றாள். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கள் குட்டி மகள். அண்ணனை வரச் சொன்னதே மனைவிதான், அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போக.

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? ஒரு வருஷமாகத் தள்ளாடுகிறேன். கட்டிலை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடிக்கிறேன். வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கை நழுவிப் போட்டு உடைத்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெளிந்ததும் வா என்று அனுப்பிவிட்டார்.

காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். எலும்பு டாக்டர் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். பாகம் பாகமாகப் பார்த்தால் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நேற்றுதான் ஒரு நரம்பு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். கோதுமை.

அதிலிருக்கும் ஏதோ ஒரு புரதம் என் உடம்புக்கு ஆகவில்லையாம். செலியாக் என்று பெயர். உடம்பு அதை எதிரியாக நினைத்துக் குடலைப் புண்ணாக்கும், அந்த அடி, ஆளைத் தள்ளாடாமல் நிறுத்தும் சிறுமூளையிலும் விழும் என்றார். எனக்கு வயிறு ஒருநாளும் வலித்ததில்லையே என்று கேட்டேன். சிலருக்கு வயிறு வாயே திறக்காது, நரம்புதான் மாட்டிக்கொள்ளும் என்றார். மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம், மாறி மாறி வரும் வாய்ப்புண், எல்லாம் அதே கணக்கு. கோதுமையை அடியோடு நிறுத்தினாலும் நடை சீராக மாதக்கணக்கில் ஆகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வியாதி என்றால் வீட்டில் நம்புவார்களே.

இத்தனையையும் மச்சானிடம் சொன்னேன். நாக்கு குழறியது. அதுவும் இந்த வியாதியின் வேலைதான். விளக்க விளக்க, நன்றாக ஏற்றிக்கொண்டு வந்தவன் பேசுவது போலவே எனக்கே கேட்டது.

"கோதுமையா?" மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊரே திங்குது மாப்பிள்ளை. எவன் தள்ளாடுறான்?"

டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். என் கை ஆடியதைப் பார்த்தார், காகிதத்தைப் பார்க்கவில்லை.

மனைவி சிரிக்கவில்லை. அவள் அப்பா குடித்தே செத்தவர். பித்தம், வெயில், பிரஷர் என்று தினம் ஒரு காரணத்தோடு வீடு வந்து சேர்ந்தவர். என் கோதுமையும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டது. டாக்டரிடம் நீயே வந்து கேள் என்று நேற்றே கெஞ்சினேன். அப்பாவுக்காக ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளே போதும் என்றுவிட்டாள்.

"குடிச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன். பொய்யைத்தான் தாங்க முடியல," என்றாள் இப்போது. "ஆமான்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா நான் ஏன் போகப்போறேன்?"

மச்சான் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். குட்டி எனக்கு டாட்டா காட்டினாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"குடிச்சேன்," என்றேன்.

உடனே நம்பினார்கள். என்றைக்கு, எங்கே, யாரோடு என்று ஒரு கேள்வி வரவில்லை. கோதுமைக்குக் கேட்டதில் பாதி கூடக் குடிக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அதையும் திருந்தியவனின் அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மனைவியும் அழுதாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. மச்சான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆம்பளை என்றால் இப்படி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று என் தோளைத் தட்டினார்.

அவளுக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. இனித் தொடமாட்டேன் என்று குட்டி மேல் சத்தியம். இன்னொரு தடவை நான் தள்ளாடுவதைப் பார்த்தால் அண்ணனுக்காகக்கூடக் காத்திருக்க மாட்டேன் என்றாள்.

சத்தியம் செய்து கொடுத்தேன். அதைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிச்சு வாங்க, சாப்பிடலாம்."

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.